காதில் விழாத மோட்டார்

தம்பி,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை வடலூர் பஸ் ஸ்டாண்டில் நீ இறங்கும்போது அவர் நின்றுகொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ இரண்டு வரி படித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். போனில் பேசலாம் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் பேசிய அழகு நமக்கே தெரியும். நீ பாதியில் வைத்தாய். நீ வைத்தது தெரியாமல் நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பாதான் வந்து போனை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. சைட்டுக்குப் போவதற்கு முன்னால் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிடு.

உன் சுவரைப் பற்றித்தான் எழுதுகிறேன், வேறு எதைப் பற்றி எழுதப் போகிறேன்? கயலின் அப்பா தன் மகளுக்காகக் கட்டுகிற பல் ஆஸ்பத்திரி. தரைக்குக் கீழே வண்டி நிறுத்த ஒரு தளம், மேலே மூன்று மாடி. அந்தக் கீழ்த்தளத்தை அவர் ‘பேஸ்மட்டம்’ என்கிறார். கேட்கிறவர்கள் வீட்டைத் தூக்கிக் கட்டுகிற மேடையைச் சொல்கிறார் என்று நினைத்து, “அதுக்கு எதுக்குங்க இன்ஜினியரு?” என்கிறார்களாம். அவர் விடாமல் விளக்குகிறாராம்: “மண்ணுக்கு உள்ள போறதுங்க. எங்க மாப்ள ட்ராயிங்கு போட்டுக் குடுத்துக்கிறாரு.” கல்யாணம் தை மாதம்தான், ஆனால் அவர் வாயில் நீ ஆடியிலேயே மாப்பிள்ளை ஆகிவிட்டாய். சென்னை ஆபீசில் நீ எத்தனையோ சுவர் டிசைன் செய்திருக்கிறாய். அவை எல்லாம் வேறு யாரோ கையெழுத்துப் போட்டுப் போனவை. உன் கையெழுத்தோடு மண்ணுக்குள் இறங்கப் போகிற முதல் சுவர் இது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா?

தீபாவளிக்கு வந்தபோது அந்த ட்ராயிங்கைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாய். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ரசச் சொம்பு, இன்னொரு மூலையில் அதிரச டப்பா. “சும்மா ஒரு பார்வை பாரும்மா” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். டிசைன் ஆபீசில் இத்தனை வருடம் அடுத்தவர் ட்ராயிங்கில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், ரிட்டயர் ஆகும் வரைக்கும் அந்தப் புத்தி போகாது. தேடித் தேடிப் பார்த்தேன். வெட்டவெளியில் நிற்கிற தடுப்புச் சுவர் லேசாக முன்னால் சாய்ந்து கொடுக்கும், மண்ணும் கொஞ்சம் இளகும். கீழ்த்தளச் சுவரைக் கீழே ஒரு தளமும் மேலே ஒரு தளமும் பிடித்துக்கொள்வதால் அது அசைய முடியாது. அசையாத சுவரை மண் இன்னும் பலமாகத் தள்ளும். அந்தக் கூடுதல் பாரத்தை நீ சரியாக எடுத்திருந்தாய். அடியில் மண் பக்கம் கம்பி, நடு உயரத்தில் உள்பக்கம் கம்பி, எதுவும் இடம் மாறவில்லை. மேல்தளம் போட்டு இறுகும்வரை சுவருக்குப் பின்னால் மண் கொட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் குறிப்புப் போட்டிருந்தாய். “நல்லா இருக்குடா” என்றேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அந்த ட்ராயிங்கில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை கல்யாணப் பத்திரிகை மாடல் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வருகிற வழியில் கட்டடத்தையும் பார்த்துவிடலாம் என்று கயலின் அம்மா கூட்டிக்கொண்டு போனார். கீழ்த்தளத்துக்குத் தரை போட்டாயிற்று. சுற்றிலும் சுவருக்கான கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கம்பிகளைப் பார்த்தபடியே மண்டப அலங்காரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, “என்னாங்க சம்பந்தியம்மா? இந்த மோட்டாரு சத்தத்துல நீங்க சொல்றது ஒன்னுமே காதுல விழ மாட்டேங்குது!” என்று கத்தினார்.

“எந்த மோட்டாரு?” என்று கேட்டேன்.

நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பத்தடி தள்ளி, குழியின் மூலையில் ஒரு டீசல் மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓஸ் பைப் வழியாகத் தண்ணீர் மேலே போய்ச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டேன். “மழ ஆரம்பிச்சதுலேர்ந்து ஓடிக்கினுதாம்மா கீது. மழத்தண்ணிதான். காஞ்சா போயிடும்” என்றார். மழை நின்று பத்து நாள் ஆயிற்றே என்றேன். “ஆமாங்கம்மா” என்று தலையைச் சொறிந்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்றேன். “நிறுத்துனா ஏறிக்கினு வருதும்மா” என்றார், அது ஒரு சாதாரண விஷயம் மாதிரி.

நான் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. மழை ஆரம்பித்தபிறகு நீயும் அங்கே வந்து போயிருக்கிறாய். நீ அசட்டையான பையன் இல்லை, கம்பிக்குக் கம்பி இடைவெளியை டேப் வைத்து அளக்கிறவன். ஆனால் உன் காதிலும் விழவில்லை. மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒரு இன்ஜினியர் வந்திருந்தால் வண்டியை விட்டு இறங்கும்போதே “என்ன சத்தம்?” என்று கேட்டிருப்பார். நம்மால்தான் முடியாது. உனக்கு நாலு வயது இருக்கும், கோவில்பட்டிக்குச் சித்தி கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மத்தியானம் பந்தி முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் நீ மட்டும் அழ ஆரம்பித்தாய். “என்னமோ நின்னுபோச்சும்மா, என்னமோ நின்னுபோச்சும்மா” என்று ஒரே பாட்டு. வயிறு வலியா, பூச்சி கடித்ததா என்று ஆளாளுக்குப் பார்த்தோம். அப்பாதான் கண்டுபிடித்தார். நம் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் எந்நேரமும் ஓடுகிற பம்ப்பின் சத்தம் அங்கே இல்லை. யாரோ ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கொண்டு வந்து ஓட்டினார்கள், அதன் கரகரப்பில் நீ தூங்கிப்போனாய். கல்யாண வீடே சிரித்தது. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரை வெயிலில் அந்த மனையில் மண்ணைச் சோதிக்கப் போர் போட்டுப் பார்த்தவர்கள், தண்ணீர் தென்படவில்லை என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை, அன்றைக்குத் தென்படவில்லை. நீ அதை, அந்த இடத்தில் தண்ணீரே கிடையாது என்று எடுத்துக்கொண்டாய். சுரங்கத்தில் அப்பாவின் பம்ப் செக்‌ஷனில் யாரும் ‘தண்ணி இல்ல’ என்று சொல்ல மாட்டார்கள், கவனித்திருக்கிறாயா? ‘தண்ணி கீழ இருக்கு’ என்பார்கள். சுரங்கத்தில் கரி வெட்ட வேண்டும் என்றால் அடியிலிருந்து முட்டுகிற தண்ணீரை இறைத்து இறைத்துக் கீழேயே வைத்திருக்க வேண்டும். அப்படி இறைத்துக்கொண்டே இருக்கிற நம் ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கு, தோண்டினால் மண் காய்ந்திருப்பதுதான் இயற்கை என்று மனதில் பதிந்துவிட்டது. கரி வெட்டுகிற இடம் தள்ளிப் போகப் போக இந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறுகிறது என்று அப்பா சொல்கிறார். அதுவாகவும் இருக்கலாம், இந்த வருடத்து மழையாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் தண்ணீர் உன் சுவருக்கு வெளியே வந்து நிற்கிறது. அது தரைமட்டம் வரைக்கும் ஏறினால் சுவரின் அடியில் விழுகிற பாரம் நீ எடுத்ததைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. சுவர் மட்டும் இல்லை, காலி அண்டாவைத் தண்ணீரில் அழுத்தினால் எப்படி மேலே வரப் பார்க்குமோ, மேலே மாடி ஏறும்வரை உன் கீழ்த்தளமும் அப்படித்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மோட்டார் ஓடுகிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே உனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்வதற்குள் நீயும் போட்டுப் பார்த்திருந்தாய். இல்லாவிட்டால் உனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “அம்மா, வெளிப்பக்கம் ஜல்லி போட்டுக் குழாய் வெச்சுத் தண்ணிய ஒரு தொட்டிக்குக் கொண்டு வந்துடலாம். ஒரு மோட்டார் ஓடிட்டே இருக்கும். நம்ம ஊரே பம்புல தானேம்மா நிக்குது?” என்றாய். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன். என்னை மடக்கிவிட்டாய், அதனால்தான் கத்தினேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அது தப்பான வழி இல்லை. தண்ணீரை வடித்துவிட்டு, வடிந்த கணக்கில் சுவர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் பம்ப்பில் நிற்கிறது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நீ பிறந்து வந்த முதல் தீபாவளி அன்றைக்குக்கூட அப்பா ஷிப்டில்தான் இருந்தார். உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அப்பா எங்கே என்று கேட்க, பம்ப்புக்கு லீவு கிடையாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒன்று நின்றால் ஓட இன்னொன்று, கரண்டு போனால் வேறு லைன், பார்க்க மூன்று ஷிப்டுக்கும் ஆள். சம்பந்தியின் ஆஸ்பத்திரியில் யார் ஷிப்ட் பார்ப்பார்கள்? வாசலில் ஒரு வாட்ச்மேன் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் தலைவலியாக இருக்கிறது என்று மோட்டாரை அணைத்துவிட்டு மத்தியானம் படுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சுவர் மோட்டாரை நம்பி நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு மட்டுமா, கட்டுகிற முதலாளிக்கே தெரியாது. சொல்லிவிட்டுச் செய்தால் அது டிசைன். சொல்லாமல் செய்தால் அது வேண்டுதல்.

ஆக, சுவர் தடித்தாலும் சரி, மோட்டாரை நம்பினாலும் சரி, கயலின் அப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இடிக்கிற இடம் இதுதான் என்று எனக்குப் புரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் கீழ்த்தளம் முடிந்துவிடும், வருகிற ஆவணியில் ஆஸ்பத்திரி திறப்பு விழா என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். தரை கனக்க வேண்டும், போட்ட தரையில் துளை போட்டுக் கூடுதல் கம்பி இறக்க வேண்டும், திறப்பு விழா தள்ளிப் போகும். ‘எங்க மாப்ள போட்ட ட்ராயிங்கு’ என்று சொன்ன வாய் அதன்பிறகு என்ன சொல்லும்? அபசகுனம் என்று யாராவது ஓதிவிட்டால் கல்யாணமே தள்ளிப் போகலாம். உடைந்தும் போகலாம். அப்பாவும் இதைத்தான் சொன்னார். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்பாங்க. தை மாசம் தாலி ஏறட்டும், அப்புறம் சாவகாசமா சொல்லட்டுமே” என்றார். ஆயிரம் பொய்யையும் வாயால் சொல்லுங்கள், ஒன்றைக்கூடக் கான்கிரீட்டில் போட வேண்டாம் என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை சுவருக்குக் கான்கிரீட் கொட்ட ரெடிமிக்ஸ் லாரி வந்துவிட்டால் அப்புறம் சாவகாசம் என்று ஒன்று கிடையாது. இது அவருக்கும் தெரியும். உன் முகம் வாடக் கூடாது என்று பேசினார், பாவம்.

எனக்கும் பயம்தான், தம்பி. கயலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. போன மாதம் என் கடவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, “அத்தை, இது வெளிய நல்லாத்தான் தெரியும். உள்ள போயிடுச்சு. இப்பவே திறந்து சுத்தம் பண்ணிடலாம், வலி வந்தப்பறம்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம்” என்றாள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ நழுவினேன். சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சாய்த்துவிட்டாள். அப்படிப்பட்ட பெண் உன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிற்கப் போகிறவள் அவள்தான். நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் மேலே நிற்க, கீழே உன் சுவர் நிற்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீ அவளிடம் எதுவும் சொல்லாமல் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவள் என்னவென்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பாய். ஒரு வீட்டில் அந்த ‘ஒன்றுமில்லை’ எப்படி வளரும் என்று உனக்கு இன்னும் தெரியாது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டுமாம், உன் சித்தி போனில் ஞாபகப்படுத்தினாள். எனக்குத் தெரிந்தது சுவர்தான். அப்பா என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்கிற கேலி உனக்குத் தெரியும்: “எங்க வீட்டம்மா பேஸ்மென்ட் செவரு, அசையவே மாட்டா. நான் காம்பவுண்டு செவரு. லேசா சாஞ்சு குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்.” முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது யோசித்தால் அந்த மனுஷன் சொன்னது சரிதான். எங்கே டிவி வைப்பது, யார் ஊருக்குப் பொங்கலுக்குப் போவது, குழம்பில் தேங்காய் அரைக்கலாமா கூடாதா என்று நான் ஒவ்வொன்றிலும் அசையாமல் நின்று நின்று இரண்டு பங்கு பாரம் சுமந்திருக்கிறேன். அவர் சாய்ந்து கொடுத்துவிட்டுச் சுகமாகப் பேப்பர் படித்தார். நீ அப்பாவைப்போல இரு. வீட்டுக்குள் பத்தில் ஒன்பது விஷயத்தில் சாய்ந்து கொடு, ஒன்றும் இடிந்துவிடாது. அந்தப் பத்தாவது எது என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள். இந்த வாரம் உனக்கு அது வந்திருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

நாளைக்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், பிடித்தால் செய். முதலில் கயலிடம் சொல். அவளையும் அவள் அப்பாவையும் சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. மேஸ்திரியிடம் மோட்டாரை நிறுத்தச் சொல். திடீரென்று ஒரு நிசப்தம் வரும், உனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். மூன்று பேரும் அங்கேயே நில்லுங்கள். ட்ராயிங்கை விரிக்காதே, விதிமுறைப் புத்தகம், அழுத்தம், ஒன்றரை மடங்கு எதுவும் அவருக்கு வேண்டாம். தண்ணீர் தானாக ஏறி வரும். கடை வைத்துப் பிழைத்த மனுஷன், கண்ணால் பார்த்ததை நம்புவார். ஆனால் தண்ணீர் வந்து காட்டுவதற்கு முன்னால் உன் வாயால் சொல்லிவிடு: “மாமா, இதை நான் கணக்குல எடுக்கல. என் தப்பு.” இரண்டு வாக்கியம். அதன்பிறகு அவர் கத்தினால் கத்தட்டும், கேட்டுக்கொண்டு நில். சுவரை எப்படிச் சரி செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அது என்னைவிட உனக்கு நன்றாக வரும்.

நானே அவருக்குப் போன் செய்துவிடலாமா என்று இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். அம்மா சொல்லித் தெரிந்தால் நீ ஒளித்தவன் ஆகிவிடுவாய், நீயே சொன்னால் தப்புச் செய்தவன் மட்டும்தான். அதனால் போனை வைத்துவிட்டேன். உன் கையெழுத்து, உன் வாய்.

இன்றைக்குச் சாயங்காலம் கயலின் அம்மா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பூஜையாம். தேங்காய் உடைத்து, சுவருக்கு முதல் சட்டி கான்கிரீட்டை மாப்பிள்ளையைப் பெற்றவள் கையால்தான் கொட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்களாம். “நீங்களும் இன்ஜினியரு, பொருத்தமா இருக்கும்ல? பட்டுப் பொடவ கட்டிக்கினு வந்துடுங்க சம்பந்தியம்மா” என்றார். அவ்வளவு ஆசையாகச் சொன்னார். சரி என்று சொல்லவும் முடியவில்லை, வர மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. பார்க்கலாம் என்றேன். அந்தச் சட்டியை நான் எப்படிக் கையில் வாங்குவேன், சொல்.

நாளைக்கு நீ சொல்லிவிட்டால் பூஜை நிற்கும். அவர்களில் யாராவது எனக்குப் போன் செய்வார்கள். ஏன் சம்பந்தி, இத்தனை வருஷம் இன்ஜினியராக இருந்து நீங்களாவது பார்த்திருக்கக் கூடாதா, இப்படிக் கல்யாண நேரத்தில் கவிழ்த்துவிட்டீர்களே என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். டிவி போடப் போவதில்லை, மிக்ஸி ஓட்டப் போவதில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். யாராவது என்னைத் திட்டுவதற்குக் கூப்பிட மாட்டார்களா என்று இப்படி ஏங்கிக் காத்திருப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அம்மா